விழுப்புரத்தில் நிற்காத வண்டி

செந்தில், போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "யோசிச்சிச் சொல்றேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்த வண்டி நல்ல வண்டி என்று ஊரில் பாதிப் பேர் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். பெற்ற பிள்ளை கேட்டபோது வாய் அடைத்துப் போய்விட்டது. ஏன் அடைத்தது என்பதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். அமுதா, நீயும் படி. ஓசூரில் மாப்பிள்ளையும் வண்டி மாற்றப் போகிறார் என்று சொன்னாய், உங்களுக்கும் ஆகும்.

அமுதாவுக்குத் தெரியாது என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செந்தில் பழைய காரை விற்றுவிட்டுப் புதியது எடுக்கப் போகிறான். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று பெட்ரோல், ஒன்று கரண்டு.

"பெட்ரோல் வண்டி சென்னையில எடுத்தா திருச்சியிலதான்ப்பா நிக்கும். கரண்டு வண்டிக்கு நடுவுல ஒரு மணி நேரம் சார்ஜ் போடணும். விழுப்புரம் பைபாஸ்ல மெஷின் வச்சிருக்கான். அங்க போட்டுட்டு உன்னாண்ட வந்து பார்த்துட்டுப் போயிடலாம். எது எடுக்கலாம், நீயே சொல்லு. நீ சொல்றதைத்தான் புக் பண்ணுவேன்."

பின்னாலிருந்து நித்யா கத்தியது காதில் விழுந்தது. "மாமா, ஜல்தி சொல்லிடுங்க! இவரு கலரப் பாத்தே ஏதாவது ஒண்ண எடுத்துடுவாரு!"

மறுநாள் காலையில் நான் பைபாஸுக்கு நடந்து போனேன். அந்த சார்ஜ் மெஷின் ஒரு ஓட்டலின் பக்கத்தில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து என் நடைக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஒரு குடும்பம் வண்டிக்கு வயரைச் செருகிவிட்டு ஓட்டலில் உட்கார்ந்திருந்தது. ஒரு பெரியவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கும் ஓட்டலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். காவலுக்கு இருந்தவர், "இன்னா சார், வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டார். "வரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செந்தில், உன் பழைய கார் இருக்கிறதே, அது திண்டிவனம் தாண்டினால் சூடாகும். அதை ஆறவிட வேண்டும் என்று விழுப்புரத்தில் நிறுத்துவீர்கள். நீங்கள் இட்லி சாப்பிடுவீர்கள், குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கும், கார் வாசலில் ஆறிக்கொண்டு நிற்கும். போன பொங்கலுக்கு நான்தான் பானெட்டைத் திறந்து பார்த்து தெர்மோஸ்டாட்டை மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நீங்கள் திருச்சி போகும்போதெல்லாம் விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டையிலிருந்துதான் போன் வருகிறது. "வண்டி சூப்பரா போவுதுப்பா!" நல்ல வேலை செய்திருக்கிறேன் என்றுதான் அர்த்தம். வேலை செய்தவனுக்கு அதில் குறை சொல்ல இடமில்லை.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைப் பற்றி நான் கற்றதெல்லாம் திண்டிவனத்தில் ஜமால் பாய் பட்டறையில்தான். எட்டாவது முடித்துச் சேர்ந்தேன். முதல் சில வருஷம் நட்டு கழுவினேன், டீ வாங்கினேன், திட்டு வாங்கினேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு என்னை பிரேக்டவுன் வேலைக்குப் போட்டார். ரிட்டயர் ஆகும்வரை அந்த வேலைதான். திண்டிவனத்தில் ரோடு சென்னைக்கும் பாண்டிக்கும் திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் பிரிகிறது. இந்த நாலு ரோட்டில் எங்கே வண்டி நின்றாலும் பட்டறைக்குத் தகவல் வரும். ஆரம்பத்தில் பஸ் கண்டக்டர்கள் வந்து சொல்வார்கள், பிறகு போன் வந்தது. நான் டூல்ஸ் பையைக் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவேன்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை எஞ்சினைத் திறப்பது கிடையாது. சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பிறகு ரோட்டோரத்தில் வேப்பங்கிளையோ புங்கங்கிளையோ ஒடித்து, வண்டிக்குப் பின்னால் தள்ளிப் போட்டு, அது பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல் வைக்க வேண்டும். வருகிறவனுக்கு ‘முன்னால் வண்டி நிற்கிறது' என்று அதுதான் சொல்லும். ரிப்பேர் முடிந்து வண்டி கிளம்பினதும் அந்தக் கல்லையும் கிளையையும் எடுத்து ஓரம் போட வேண்டும். வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் எல்லாரும் மறக்கிற வேலை அது. பின்னால் இருட்டில் டூவீலரில் வருகிறவன் அந்தக் கல்லில் ஏறி விழுவான். நான் எந்த வேலை முடித்துவிட்டு வந்தாலும் பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "கல்ல எடுத்தியா?" கொஞ்சம் இழுத்தேன் என்றாலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்.

பாய் ஒல்லியான மனிதர். ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் அவர் கையில் பிழைத்தது, அவர் மட்டும் சைக்கிளில் வருவார். டிரைவர் பேசி முடிக்கும்வரை வண்டியைத் தொட மாட்டார். டிரைவருக்கு ஸ்டூல் போட்டு, தான் டயருக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வார். "ஜல்தி பாருங்க பாய்" என்று யாராவது பறந்தால், "ஜல்தின்னா பஸ்ஸுல போ. வண்டி நாளைக்கு வந்து எட்த்துக்க" என்பார்.

எந்தக் கம்பெனி நல்லது என்கிற சண்டை எங்கள் பட்டறை வாசலில் நடக்காத நாள் இல்லை. கம்பெனிப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. நாங்களும் பட்டப் பெயர் வைத்துத்தான் கூப்பிட்டோம். முன்னால் எஞ்சின் நீட்டிக்கொண்டிருக்கும் லாரி மூக்கன். முகம் தட்டையாக இருக்கும் லாரி மொட்டையன்.

மூக்கன் டீசல் நிறையக் குடிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கும். ஆனால் எஞ்சின் வெளியே இருப்பதால் டிரைவருக்குக் கால் வேகாது. உடைந்தால் எந்த ஊர்க் கொல்லனும் அடித்துக் கொடுத்துவிடுவான். மொட்டையன் இழுப்பான், செஞ்சி ரோட்டு மேட்டில் முழு வேர்க்கடலை லோடோடு முனகாமல் ஏறுவான். ஆனால் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். சித்திரையில் டிரைவர்கள் துண்டை நனைத்து அதன் மேல் போடுவார்கள். பார்ட்ஸும் விலை கூட.

"உன் மூக்கன் மேலே ஏறதுக்குள்ள மூட்டையில மல்லாட்டை முளைச்சிடும்யா" என்பான் மொட்டையன் ஓட்டுகிறவன்.

"உன் வண்டியில கேப்பைக் களி கிண்டலாம்டா, அடுப்பே வாணாம்" என்பான் மூக்கன் ஓட்டுகிறவன்.

எனக்குப் பிடித்தது மூக்கன். மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கும். எதையும் உள்ளே ஒளித்து வைக்கத் தெரியாத வண்டி. பாயிடம் எது பிடிக்கும் என்று கேட்டுப் பார்த்தேன், சொல்லவே இல்லை. வண்டி வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். என்ன லோடு? எந்த ரோடு? வண்டி வழியில நின்னா யாரு காத்துக்கினு இருப்பாங்க? மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் சிரிப்பார்கள். ரொம்ப நாள் நானும் சிரித்தேன்.

அருள்தாஸ் என்று ஒருவர். வானூர் பக்கம். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அருள்தாஸ் பல வருஷம் மற்றவர்களுக்கு லாரி ஓட்டி, ஒரு வழியாகச் சொந்தமாக ஒன்று எடுக்கிற நிலைமைக்கு வந்தார். அவர்கள் தெருவுக்கே அதுதான் முதல் லாரி. அந்தச் சமயத்தில் புது மாதிரி லாரிகள் வந்திருந்தன. உள்ளே ஏ.சி. இருக்கும், டீசல் மிச்சம், எஞ்சினை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி ஆட்டிவைக்கும். நாங்கள் அதைப் பெட்டி வண்டி என்போம். அருள்தாஸ் பாயிடம் யோசனை கேட்க வந்தார்.

"என்ன லோடு?"

"செங்கல் பாய். சீசன்ல மல்லாட்டை மூட்டை."

"எந்த ரோடு?"

"பாண்டி, திண்டிவனம், செஞ்சி. இங்கனயேதான்."

"நின்னா யாரு காத்துக்கினு இருப்பாங்க?"

அருள்தாஸ் சிரித்தார். "எங்க வூட்லதான் பாய். வேற யாரு, கவர்னரா காத்துக்கினு இருக்கப் போறாரு?"

"சிரிக்காத. எல்லா வண்டியும் நிக்கும். நிக்காத வண்டி எவனும் இன்னும் செய்யல. நின்னா கிட்டக்க இருக்கறவன் வந்து சரி பண்ணி எட்த்து வுட முடியுமான்னு பாரு. மொட்டையன வாங்கு."

அருள்தாஸ் பெட்டி வண்டியைத்தான் வாங்கினார். வாங்கியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கில் ஒரு குறை இல்லாமல் ஓடியது. பட்டறைப் பக்கம் வரும்போதெல்லாம் ஹாரன் அடித்து பாயை வெறுப்பேற்றிவிட்டுப் போவார். பாயும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

ஒரு மழைக்காலம் செங்கல் சூளைகள் எல்லாம் நின்றுபோயின. அருள்தாஸ் கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் லோடு எடுக்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பட்டறைக்குப் போன் வந்தது. கிளியனூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது.

நான் போனபோது கல்லும் கிளையும் சரியாக வைத்திருந்தார். மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் கரைந்து ரோட்டில் வழிந்துகொண்டிருந்தது.

"எஞ்சின் ஓடுதுணா, நகர மாட்டேங்குது. மிதிச்சா அழுவுது" என்றார் அருள்தாஸ்.

டீசல் லைனைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஃபில்டர் நன்றாக இருந்தது. லைனில் காற்றும் அடைத்திருக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் வைத்து அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டேன். மூக்கனாக இருந்தால் வலி எங்கே என்று சத்தத்திலேயே சொல்லியிருக்கும். இது ஒன்றும் சொல்லவில்லை.

"கம்பெனிக்குப் போன் போட்டியா?"

"போட்டேன். மெட்ராஸ்ல இருந்து ஆளு டெஸ்ட் பண்ற பொட்டி எட்த்துக்கினு வரணுமாம். மத்தியானம் ஆவும்ன்றான்."

மீன் வியாபாரி வேறு லாரி அனுப்பி சரக்கை மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் அருள்தாஸ் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கேபினுக்குள் ஏறுவார், இறங்குவார். உள்ளே முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு புது ஷூ பெட்டி, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இருந்தது.

"இன்னாடா அது?"

"பாப்பாவுக்கு வெள்ளை ஷூணா. இன்னிக்குப் புதுநன்மை. ஒம்பது மணி பூசை. டிரஸ்ஸெல்லாம் எட்த்தாச்சி. ஷூ மட்டும் நான் கடலூர்ல வாங்கியாரேன்னு பேஜாருல மாட்டிக்கினேன்."

"புதுநன்மைன்னா?"

"மொத தடவ கோயில்ல நற்கருணை வாங்கறதுணா. சின்னப் புள்ளைங்க வரிசையா வெள்ளை டிரஸ் போட்டுக்கினு நிக்கும். எம்பொண்ணு மட்டும் வெறுங்காலோட நிக்கும்."

"அப்பக் கெளம்ப வேண்டியதுதானே?"

"வண்டிய வுட்டுட்டா?"

இது வெளியாட்களுக்குப் புரியாது. நின்ற வண்டியை விட்டுவிட்டு டிரைவர் போக மாட்டான். பேட்டரி போகும், டீசல் போகும் என்பது ஒரு பக்கம். ‘வண்டியை வுட்டவன்' என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் எந்த லாரி ஆபீஸிலும் அவனை நம்பி லோடு ஏற்ற மாட்டார்கள். சாவு வீட்டுக்குக்கூடப் போகாமல் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுத டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். அருள்தாஸ் சொந்தக்காரராக ஆன பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

பைக் சாவியை எடுத்து நீட்டினேன். "நான் இருக்கறேன். போய்ட்டு வா."

"நீ ரிப்பேர் பாக்க வந்தவன்ணா. காவலுக்கா வந்த?"

"ரிப்பேர் பாக்க உன் வண்டி எங்கடா வுடுது? எட்த்துக்கினு கெளம்பு."

"மீன் வாடை அடிக்குதே, கோயிலுக்கு எப்படிப் போறது?"

"உங்க சாமியோட கூட்டாளிங்களே மீன் புடிக்கறவங்கதான்னு நீதானடா சொன்ன? போ."

ஷூ பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு காக்கா கூட்டம் மீன் தண்ணீரைச் சுற்றி வந்தது. கார், பஸ், வேன் என்று எல்லாம் பக்கத்தில் சர்ரென்று போயின. ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் நின்ற வண்டியைப் பார்ப்பதில்லை, கிளையைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள், அவ்வளவுதான். வேலை இருக்கும்போது அது தெரியாது. அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

மத்தியானம் கம்பெனிப் பையன் வந்தான். மரியாதையான பையன். பெட்டியைச் செருகிப் பார்த்தான், கீழே படுத்தான், ஒரு வயர் முடிச்சைக் கழற்றி என்னிடம் காட்டினான். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. "மீன் லோடு அடிக்கிறீங்களா சார்? உப்புத் தண்ணி இறங்கி அரிச்சிருக்கு" என்றான். சுத்தம் செய்து மாட்டினதும் வண்டி சிங்கம் மாதிரி உறுமியது. எனக்குத் தெரியாததை அவன் கண்டுபிடித்தான். அதில் வருத்தம் இல்லை. வண்டியிலும் குறை இல்லை. பாய் கேட்ட முதல் கேள்விக்கு அருள்தாஸ் சொன்ன பதில் நடுவில் மாறிவிட்டது. செங்கலுக்கு வாங்கிய வண்டியில் மீன் ஏறிவிட்டது.

அருள்தாஸ் தூக்கு நிறைய பிரியாணியோடு திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வரிசையில நிக்கறப்பவே போய்ச் சேந்துட்டேன்ணா. படியிலயே குந்தி மாட்டி வுட்டேன். ஒரு சைஸு பெருசு. பஞ்சு வச்சிக்கினு நடந்துச்சி" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் டயரைத் தட்டிக்கொண்டு நின்றார்.

சாயந்திரம் பட்டறைக்குப் போனேன். பாய் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்ண இவ்ளோ நேரம்?"

"ஒண்ணும் பண்ணல பாய். உக்காந்துக்கினு இருந்தேன்." நடந்ததைச் சொன்னேன்.

கேட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "கல்ல எடுத்தியா?"

"எடுத்தேன்."

"சரி, வூட்டுக்குப் போ."

மூன்றாவது கேள்விக்கு அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை. இப்போது பாய் இல்லை. அந்த மூன்று கேள்விகளையும் உனக்காக நானே கேட்டுக்கொண்டேன், செந்தில்.

என்ன லோடு? நீ, நித்யா, குழந்தை, நாலு பை. எந்த வண்டியும் சுமக்கும்.

எந்த ரோடு? ஆபீசுக்குச் சென்னைக்குள்ளேயே போய்வருவது என்றால் கரண்டு வண்டிதான் லாபம். தேயும் சாமான் குறைவு, ஆயில் மாற்றுகிற வேலை இல்லை. நம் தெருவில் ஒரு கரண்டு ஆட்டோ ஓடுகிறது. அதை ஒரு நாளும் யாரும் கழற்றிப் போட்டு ரிப்பேர் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் நீ வாடகை வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறாய். கீழே சார்ஜ் போட வீட்டுக்காரர் விடவில்லை என்று நீதான் சொன்னாய்.

வண்டி நின்றால் யார் காத்துக்கொண்டிருப்பார்கள்? திருச்சியில் நித்யாவின் அம்மா. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போகிற மனுஷி, நித்யா ஒரே பெண். திடீர் திடீரென்று போன் வருகிறது, போட்டது போட்டபடி கிளம்புகிறீர்கள். அப்படிப் போகிற நாளில் வழியில் ஒரு மணி நேரம் ஓட்டலில் உட்கார நித்யாவால் முடியுமா? முன்னால் நாலு வண்டி வரிசையில் நின்றால்? மெஷின் வேலை செய்யாவிட்டால்? எல்லா வண்டியும் நிற்கும் என்று பாய் சொன்னார். நிறுத்தியே ஆக வேண்டும் என்கிற வண்டியை இந்த ரோட்டுக்கு நான் எப்படி வாங்கச் சொல்வேன்?

விழுப்புரத்திலும் ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான்தான். உங்கள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் டி.வி.யைத் தவிர வேறு பேச்சுச் சத்தம் கிடையாது. ஆனால் வண்டி நின்றால் யார் தவிப்பார்கள் என்றுதான் பாய் கேட்டார். யார் சந்தோஷப்படுவார்கள் என்று கேட்கவில்லை.

பெட்ரோல் வண்டியையே எடு. அந்தக் கம்பெனி வண்டி எனக்குத் தெரியும். ஆர்ப்பாட்டம் இல்லாத எஞ்சின், பார்ட்ஸ் திண்டிவனம் பஜாரில்கூடக் கிடைக்கும், எந்த ஊரில் நின்றாலும் ஒருத்தன் வந்து திறந்து பார்ப்பான். ரேடியேட்டர் தண்ணீரை மட்டும் மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள். இதுதான் என் பதில். நாளைக்கே புக் பண்ணு.

கலர் விஷயத்தில் மட்டும் என் ஆசையைச் சொல்கிறேன். வெள்ளை வேண்டாம். பைபாஸில் போகிற கார் எல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது, பாலத்து மேலே போகும்போது எது யாருடையது என்று கீழே நிற்கிறவனுக்குத் தெரியவில்லை. சிவப்பு எடு. கிளம்பும்போது ஒரு போன் பண்ணு. சாயந்திர நடை எனக்கு இப்போது அந்தப் பக்கம்தான்.